உப்பில்லாத வத்தல்

"மிஸ்டர்! ஒண்ணு அந்த நாய் இந்த வீட்ல இருக்கணும். இல்லேன்னா நீங்க இருக்கணும். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிடுங்கோ!"

2025 மார்ச் மாதம் ஒருநாள் காலை ஐந்தேகால் மணிக்கு, மாடிப்படியில் நின்றுகொண்டு என் ஹவுஸ் ஓனர் இப்படிச் சொன்னார். ஒரு கையில் பூக்கூடை. இன்னொரு கை நெஞ்சில். 'நாய் மட்டும் இருந்தா வாடகையை யார் சார் தருவாங்க?' என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில் இருக்கும்போது, குடித்தனக்காரனுக்கு நாக்கு துடிக்கலாம், அசையக் கூடாது.

"மாடிக்குப் பூப் பறிக்கப் போறேன், லொள்! மோட்டார் போடப் போறேன், லொள்! சொந்த வீட்ல திருடன் மாதிரி நடக்க வேண்டியிருக்கு. மே மாசம் பெங்களூர்லேர்ந்து பேரன் வரான். ஆறு வயசுக் குழந்தை. ஏப்ரல் முப்பதுக்குள்ள ஏதாவது ஏற்பாடு பண்ணிடுங்கோ."

"ஏற்பாடுன்னா சார்...?"

"தெருவுல பொறந்ததுதானே? தெருவுலயே விட்டுடுங்கோளேன்!"

சம்பந்தப்பட்ட நாய் என் கால்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, 'லொள்' என்று தன் தரப்பு வாதத்தைப் பதிவு செய்தது.

அதன் பெயர் புயல். 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் மேற்கு மாம்பலம் மிதந்துகொண்டிருந்தபோது, எங்கள் மாடிப்படியின் ஏழாவது படியில் நனைந்த கால்மிதி மாதிரி ஏதோ கிடந்தது. என் மனைவி அதை எடுத்துப் பிழியப் போனாள். அது 'கீச்' என்றது. அவ்வளவுதான், குடும்பத்தில் ஒரு நபர் கூடிவிட்டார். ரோட்டில் "புயல், வா! புயல், வா!" என்று நான் கூப்பிடும்போது போகிறவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இந்தத் தொல்லையைத் தவிர அந்தப் பெயரில் ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்குள்ளேயே பதினாறு மாதம் வளர்ந்த நாயைத் தெருவில் விடுவது என்றால் என்ன அர்த்தம் என்று ஓனருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஏற்கனவே நாலு நாய்கள் எல்லைக்கோடு போட்டு ஆட்சி செய்கின்றன. புயலுக்குச் சண்டை போடத் தெரியாது, பைக் வந்தால் ஒதுங்கத் தெரியாது. ஒரு வாரம் தாங்காது. வேறு வீடு பார்க்கலாம் என்றால், புரோக்கர் போனிலேயே சிரித்தார். "நாயா? குழந்தை இருக்குன்னாலே யோசிக்கிறாங்க சார்!"

அன்று மாலையே புயலைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1903-ல் ஆரம்பித்த கல்லூரி. அந்தப் பழம்பெருமை அவர் கோபத்திலும் தெரியும். புயலை எடை மெஷினில் ஏற்றினார். 17 கிலோ. இருக்க வேண்டியது 15.

"குரைக்கறதை அப்புறம் பார்ப்போம். என்ன குடுக்கறீங்க இதுக்கு?"

"தயிர் சாதம், முட்டை... நடுநடுவுல மாரி பிஸ்கட்."

"எத்தனை?"

நான் பி.காம். படித்தவன். கேட்டால் கணக்கு சொல்லித்தான் பழக்கம். என் பங்கு ஆறு, மனைவி பங்கு ஐந்து, ராத்திரி அது கெஞ்சும்போது மூன்று. ஆக மொத்தம் 14. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு சுமாரா 800 கலோரி போதும். அதுல தீனி, பரிசு எல்லாம் சேர்த்துப் பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 80. ஒரு மாரி பிஸ்கட் ஏறக்குறைய 25. நீங்களே பெருக்கிக்கங்க."

பெருக்கினேன். 350. எண்பது ரூபாய் பட்ஜெட்டில் முந்நூற்றைம்பது ரூபாய் செலவு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

"குரைக்குதே, அதுக்கு?"

"அது கெட்ட நாய் இல்லை. பயப்படுது. படியில திடீர்னு ஒரு ஆள் வர்றாரு. யாருன்னு தெரியலை. இந்த ஆள் வந்தா நமக்கு நல்லது நடக்கும்னு அதுக்குப் புரியணும். அவர் தலை தெரிஞ்சதும் வாயில ஒரு துண்டு போடுங்க. பட்டாணி அளவு. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. பிஸ்கட்டைத் தொட்டீங்கன்னா எங்கிட்ட வராதீங்க."

கடையில் விற்கும் நாய்த் தீனியின் விலையைப் பார்த்தேன். என் மாதிரி ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவன், ஒரு பாக்கெட்டுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். (நாய் பிஸ்கட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர். 1860-களில் லண்டனில் ஆரம்பித்தார். கப்பலில் மீந்துபோன காய்ந்த பிஸ்கட்டைத் துறைமுகத்து நாய்கள் ஆசையாகத் தின்றதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்பார்கள். ஓசிச் சரக்கைப் பார்த்து வியாபாரம் செய்தவர்!) சரி, வீட்டிலேயே செய்வோம் என்று முடிவு செய்தேன்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல். பயிற்சிக்கு உலகம் முழுக்க நாய்கள் மயங்குவது கோழி ஈரலுக்கு. எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் நாலாவது ஷரத்து: 'குடியிருப்போர் சைவ உணவு மட்டுமே சமைக்க வேண்டும்.' முட்டையையே நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தேசத் துரோகிகள் மாதிரி வேக வைப்போம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடுவதென்றால் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, பீடாவை மென்றபடி படியேறுவோம். வீட்டைக் காப்பாற்ற நாயைப் பழக்குகிறேன் பேர்வழி என்று ஈரல் வேக வைத்தால், நாய்க்கு முன்னால் நான் தெருவில் நிற்பேன்.

ஆகவே சைவ ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று.

முதல் முயற்சி, கேழ்வரகு பிஸ்கட். மனைவி ஆபீஸ் போன பிறகு அடுப்படி என் சாம்ராஜ்யம். மாவில் வெல்லம், நெய் எல்லாம் தாராளமாகப் போட்டேன். என் பாட்டி எனக்குச் செய்த மாதிரியே. புயல் ஆசையாகத் தின்றது. அன்று ராத்திரி நாலு தடவை கீழே இறங்கினோம். நாலாவது தடவை மணி மூன்று. தூக்கக் கலக்கத்தில் எனக்குப் புரிந்தது: நாய்க்கு வெல்லமும் வேண்டாம், நெய்யும் வேண்டாம், உப்பும் வேண்டாம். அதற்கு நாக்கில் ருசி மொட்டுகள் நம்மைவிட ரொம்பக் குறைவு. அது சாப்பிடுவதில் முக்கால்வாசி மூக்கால்தான். வாசனை வந்தால் போதும்.

இரண்டாவது தடவை வெல்லம், நெய் இல்லாமல் தோசைக்கல்லில் போட்டு, வெளியே போய் ஒரு போன் பேசிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கருங்கல். புயல் அதை வாயில் வாங்கிக்கொண்டு மரியாதையாக மொட்டை மாடிக்குப் போய், மாமியின் துளசித் தொட்டியைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தது. பிறகு அங்கே என்ன நடந்தது என்று நான் விவரிக்க விரும்பவில்லை. மாமி குளித்தார். மாமா ஏப்ரல் 30-ஐ ஏப்ரல் 15 ஆக்கப் பார்த்தார்.

மூன்றாவது முயற்சியில்தான் பக்குவம் பிடிபட்டது. ஒரு கப் கேழ்வரகு மாவு. வேக வைத்து மசித்த மஞ்சள் பூசணி, மாவு பிசையும் அளவுக்கு. வறுத்துப் பொடித்த வேர்க்கடலை ஒரு ஸ்பூன், வாசனைக்கு. உப்பு கிடையாது. சப்பாத்தியைவிடக் கொஞ்சம் கனமாகத் தட்டி, கல்லில் சின்னத் தணலில் இரண்டு பக்கமும் சுட வேண்டும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே கொஞ்சம் மெத்து. சூடாக இருக்கும்போதே கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டிவிட வேண்டும், ஆறினால் உடையும். ஒரு முக்கியமான விஷயம்: கடலைக்குப் பதில் கடையில் விற்கும் பீநட் பட்டரைப் போடுகிறவர்கள், டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பு எழுதியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நமக்கு அது சர்க்கரைக்குப் பதில். நாய்க்கு விஷம், ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும், கல்லீரலும் போகும்.

அப்புறம் பனீர். அரை லிட்டர் பால், அரை மூடி எலுமிச்சை. திரிந்ததை மெல்லிய துணியில் கொட்டித் தண்ணீரில் அலசி, பிழிந்து, மேலே அம்மிக் குழவியை வைத்தால் ஒரு மணி நேரத்தில் கட்டி. மூன்று நாளைக்கு மேல் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. சில நாய்களுக்குப் பால் சமாசாரமே ஒத்துக்கொள்ளாது; முதல் நாள் இரண்டு துண்டு கொடுத்து, மறுநாள் காலை 'ரிசல்ட்' பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். இந்த இடத்தில் இதற்கு மேல் விளக்கினால், டிபன் சாப்பிட்டபடி படிக்கிற வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஆனால் ராஜா யார் தெரியுமா? சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கால் அங்குலம் கனத்துக்கு வில்லை போட்டு, இட்லிப் பானையில் ஏழு நிமிஷம் ஆவியில் வைத்து, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் காய வைக்க வேண்டும். சித்திரை வெயில் இருக்கிற ஊரில் யாருக்கு ஐயா அவன் வேண்டும்? மூன்று நாளில் ரப்பர் மாதிரி வளையும், அதுதான் பதம். ஒரு கிலோ கிழங்கு கால் கிலோ சில்லறைக்குச் சுருங்கும். ஈரம் போகாமல் டப்பாவில் போட்டால் பூசணம் பிடிக்கும். பிடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். சுரண்டிவிட்டுக் கொடுக்கிற வேலையெல்லாம் கூடாது. மாமிச ஜாதி கிழங்கு தின்னுமா என்று நானும் சந்தேகப்பட்டேன். 2013-ல் சுவீடன் விஞ்ஞானிகள் ஓநாய், நாய் இரண்டின் மரபணுவையும் வைத்துப் பார்த்து, மாவுச்சத்தைச் செரிக்கிற சாமர்த்தியம் நாய்க்குக் கூடுதல் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மனிதன் போட்ட சோற்றைத் தின்று தின்று வந்த சாமர்த்தியம்!

சரக்கு தயார். பயிற்சிக்கு வருவோம். முதல் வாரம் முழுத் தோல்வி. ஓனர் படியேறுவார். புயல் குரைக்கும். நான் "உஷ்!" என்பேன். அது நிறுத்தும். "சபாஷ்!" என்று ஒரு துண்டு கொடுப்பேன். பத்தே நாளில் புயல் தெளிவாகப் புரிந்துகொண்டது: முதலில் குரைக்க வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும், அப்போதுதான் கூலி. ஓனர் இல்லாதபோதும் ஒரு 'லொள்' போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்து கையைப் பார்க்க ஆரம்பித்தது. நான் நாயைப் பழக்கவில்லை. மாதச் சம்பளமில்லாமல் அது என்னைப் பழக்கிவிட்டது.

டாக்டருக்குப் போன் போட்டேன். "குரைக்கறதுக்கு முன்னாடி குடுங்க சார்! அவர் காலடிச் சத்தம் கீழே கேட்கும்போதே குடுங்க. குரைச்சிட்டா நீங்க லேட்டுன்னு அர்த்தம்" என்றார்.

அப்போதுதான் ஓனரின் ஒழுங்கு எனக்கு வரமாக அமைந்தது. மனிதர் கடிகாரம். ஐந்தே கால் பூ. ஆறு மணி மோட்டார். ஏழுக்கு வாக்கிங். பதினொன்றுக்கு வடாம் பார்க்க. நாலரைக்கு வடாம் எடுக்க. ஒரு நாளைக்கு ஒன்பது நடை. நான் ஒரு நோட்டில் கோடு போட்டுத் தேதி, நேரம், துண்டு எத்தனை, குரைத்ததா என்று பேரேடு எழுதினேன். அவர் செருப்புச் சத்தம் முதல் படியில் கேட்டதும் ஒரு துண்டு, மூன்றாவது படியில் ஒன்று, தலை தெரிந்ததும் ஒன்று, போகிறவரைக்கும் ஒன்றொன்றாக. அவர் மறைந்ததும் கடை மூடல். எத்தனை துண்டு போனதோ, அதற்கு ஏற்ப ராத்திரிச் சாதத்தில் கழிவு.

துண்டுகளிலும் மதிப்பு உண்டு. வீட்டுக்குள் 'உட்கார்' என்பதற்கு ஒரு ரூபாய்க் காசு போதும், கேரட் துண்டு. ஓனருக்குக் கிழங்கு, பத்து ரூபாய். அவர் பூக்கூடையோடு குனிந்தால் பனீர், நூறு ரூபாய். ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஒன்று வைத்திருந்தேன்: சைதாப்பேட்டை நண்பன் வீட்டில் வேக வைத்து, கல்லில் உலர்த்திய ஈரல் துண்டுகள். அது அவன் வீட்டு ஃப்ரிட்ஜை விட்டு நகராது. ஞாயிற்றுக்கிழமை அங்கே மைதானத்துக்குப் போகும்போது மட்டும் பாக்கெட்டில் இருக்கும். 'வா' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும்தான் அது. ரோட்டில் கயிறு நழுவினால் உயிரைக் காப்பாற்றுகிற சொல் அது ஒன்றுதான். அதற்கு மட்டும் சில்லறை கொடுத்து ஏமாற்றக் கூடாது.

ஏப்ரல் முதல் வாரம் பேரேட்டில் ஒரு குழப்பம். மாடியில் காயப் போட்ட கிழங்குக் கணக்கு இடித்தது. காலையில் 84 வில்லை, மாலையில் 71. மறுநாள் 60. காக்கையா? அணிலா? மாமியின் ஜவ்வரிசி வடாம் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் ஒன்றுகூடக் குறையவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு வடாமுக்குக் காவல் உட்கார்ந்திருந்த ஓனர், சாவகாசமாக என் வேட்டிப் பக்கம் கையை நீட்டி, ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார். இன்னொன்று எடுத்தார்.

நான் இருமினேன்.

"வாங்கோ மிஸ்டர்! உங்க ஆத்துக்காரி கை வண்ணமா? பிரமாதம்! உப்பே இல்லை பாருங்கோ. எனக்குப் பி.பி. டாக்டர் உப்பைக் கண்ல காட்டாதேங்கறார். மாமி போடற வடாம் எல்லாம் எனக்கு வேடிக்கை பார்க்கத்தான். இது யாருக்குன்னு போட்டேள்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு விநாடி யோசித்தேன். ஆனால் வாயில் வேறு விதமாக வந்துவிட்டது.

"புயலுக்கு சார்."

குடை கொஞ்சம் சாய்ந்தது. நீண்ட மௌனம். கீழே எங்கோ பிரஷர் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

"கிழங்குதானே?" என்றார் கடைசியில்.

"கிழங்கு மட்டும்தான் சார். அலம்பி, தோல் சீவி, ஆவியில வெச்சது."

"அப்போ தோஷமில்லை" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த பாதியையும் வாயில் போட்டுக்கொண்டார். "மாமிக்குத் தெரிய வேண்டாம்."

அதற்கு அடுத்த வாரம் படியில் இன்னொரு புகார். "மிஸ்டர், குரைக்கறதை நிறுத்திடுத்து, சரி. இப்போ என்னைப் பார்த்தா ஜொள்ளு விடறதே! அது என்னத்துக்கு?" உண்மைதான். புயல் வாசலில் உட்கார்ந்து, ஓனரைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து இரண்டு கம்பி இறங்கியிருந்தது. ரஷ்யாவில் பாவ்லவ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ஜீரண ஆராய்ச்சிக்கு. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தத்தைப் பழக்கிவிட்டால், பிறகு அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டியவர். 'சார், எங்க வீட்ல அந்தச் சத்தம் நீங்கதான்' என்று எப்படிச் சொல்வது? "உங்களைப் பிடிச்சுப் போச்சு சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேலே போனார். ஆனால் அன்று மோட்டார் போட ஒரு தடவை கூடுதலாக வந்தார்.

ஏப்ரல் 14, தமிழ் வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் எல்லாம் கீழேயிருந்து மேலே வந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் இறங்கினேன். புயல் எனக்கு முன்னாலேயே இறங்கியிருந்தது. மாமி வீட்டு வாசலில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைச் சுத்தமாக நக்கிக்கொண்டிருந்தது. துளசித் தொட்டிக்காகக் குளித்த அதே மாமி, பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பண்டிகையும் அதுவுமா வாயில்லா ஜீவன் பார்த்துண்டே நிக்கறது, மனசு கேக்கலைப்பா. பாயசம் குடுத்தேன். திராட்சையை மட்டும் எப்படிப் பொறுக்கிப் பொறுக்கித் திங்கறது தெரியுமா!"

என் கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது.

திராட்சை, அதுவும் காய்ந்த திராட்சை, நாய்க்குச் சிறுநீரகத்தை அடித்துவிடும். எத்தனை தின்றால் ஆபத்து என்று ஒரு கணக்கே கிடையாது. ஒரு நாய் ஒரு கை நிறையத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். இன்னொன்று நாலு தின்றுவிட்டுப் போய்விடும். ரொம்ப நாளாகக் காரணம் தெரியாமல் இருந்தது. 2021-ல்தான் அமெரிக்காவில் கால்நடை விஷ நிபுணர்கள், திராட்சையில் இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதே அமிலம் வேறு எதில் ஏராளம் தெரியுமா? புளியில்! புளி தின்ற நாய்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. சாம்பார் சாதமும் புளியோதரையும் மீந்தால் நாய்க்குப் போடுகிற ஊர் நம் ஊர். வெங்காயம், பூண்டு ரத்தத்தைக் கெடுக்கும், சாக்லேட் இதயத்தை. இதையெல்லாம் நான் படித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். என்ன பிரயோஜனம்? நோட்டு மாடியில் இருந்தது. கிண்ணம் கீழே இருந்தது. பிஸ்கட் போடாதே என்று மனைவியிடம் சண்டை போட்ட நான், பாயசம் போடாதீர்கள் என்று மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமி நாய்க்கு ஏதாவது கொடுப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு மட்டமாக அவரை எடை போட்டிருந்தேன்.

"எத்தனை மாமி? எத்தனை திராட்சை?"

"பன்னெண்டு இருக்கும்... ஏன்பா? என்னடா ஆச்சு?"

மூன்று ஆட்டோ கை காட்டினேன். நாயைப் பார்த்ததும் மூன்றும் நிற்காமல் போயின. அப்போது பின்னால் ஒரு பழைய எஞ்சின் இருமியது. ஓனர், மாதம் ஒருமுறை மட்டும் உறையைக் கழற்றுகிற தன் மாருதியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் விபூதி. "ஏறுங்கோ!" என்றார். பின் சீட்டில் பண்டிகைப் புடவையோடு மாமி. மாமி மடியில் புயல். மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டாதவர், அன்று துரைசாமி சப்வேயில் ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்தார்.

"தின்னு எவ்வளவு நேரம்?" என்றார் டாக்டர்.

"முக்கால் மணி."

"நல்லவேளை" என்று வாந்தி எடுக்க மருந்து கொடுத்தார். வந்தது. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு டிரேயில் எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். பதினொன்று. இன்னொரு முறை எண்ணினோம். பதினொன்றேதான். மாமி வாசலில் நின்று, "பன்னெண்டு போட்டேனே, நெய்யில வறுக்கச்சே எண்ணிப் போட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். காலேஜில் டிரயல் பேலன்ஸ் ஒரு ரூபாய் இடித்தால் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு ஒன்றை அதற்கு முன்னால் நான் தேடியதில்லை.

இரண்டு நாள் சொட்டு மருந்து. தினமும் ரத்தம் எடுத்து கிரியேட்டினின் பார்த்தார்கள். மாமி இரண்டு நாளும் மாடிக்கு வரவில்லை. நான் கீழே இறங்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும், அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "மாமி, தப்பு என்னோடது. நான் சொல்லியிருக்கணும்" என்றேன். மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த சிவப்பு மைச் சீட்டை ஒண்ணு எழுதிக் குடு. கோத்ரெஜ்ல ஒட்டி வெக்கறேன்" என்றார். கோத்ரெஜ் என்றால் ஃப்ரிட்ஜ். இன்றைக்கும் ஒட்டியிருக்கிறது. 'புளி' என்பதற்குக் கீழே மாமி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 30 வந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானாகக் கேட்டு வம்பை விலைக்கு வாங்குவானேன்?

மே மாதம் பெங்களூர்ப் பேரன் வந்தான். முதல் நாள் படியில் நின்றுகொண்டு, புயலைப் பார்த்துத் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். புயல் புது ஆளைப் பார்த்து வாயைத் திறக்கப் போனது. நான் டப்பாவை எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள் ஓனரின் குரல் கேட்டது.

"இதோ பார், கையை விரிச்சு உள்ளங்கையில வெச்சுக் குடு. விரலால பிடிக்காதே. பட்டாணி சைஸ், அதுக்கு மேல கூடாது. குரைக்கறதுக்கு முன்னாடி குடுக்கணும், புரியறதா? லேட்டாக் குடுத்தா நீதான் முட்டாள்!"

கிழங்குத் துண்டுகள் அவர் சட்டைப் பையிலிருந்து வந்துகொண்டிருந்தன. என் கணக்கில் அந்த வாரமும் இருபத்திரண்டு வில்லை குறைந்திருந்தது.

ஜூன் மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். நாலாவது ஷரத்து அப்படியே இருந்தது. ஐந்தாவதாக ஒன்று புதிதாக டைப் அடித்திருந்தார்: 'மேற்படி போர்ஷனில் நாய் ஒன்று வசிக்கலாம்.' சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வாடகையில் ஐந்நூறு ரூபாய் ஏறியிருந்தது.

"என்ன சார் இது?"

"தண்ணிக்கு மிஸ்டர்! ஆத்துல ஒரு ஆள் கூட இருக்கோன்னோ?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அடுத்த தடவை வெயில்ல போடறச்சே ஒரு கிலோ சேர்த்துப் போடுங்கோ" என்றார்.